நாற்பத்தொரு நாள் பட்டை

எங்கள் விளையில் நூற்று முப்பத்திரண்டு ரப்பர் மரங்கள்.
ஒவ்வொன்றிலும் இடுப்பு உயரத்தில்
இரண்டு விரல் அகலத்துக்கு
ராபின்சன் வெட்டாத பட்டை உண்டு.
ஆறு வருடமாயிற்று, தோல் மூடிவிட்டது.
வேறு யார் பார்த்தாலும் மரம்தான்.

அவர் களியல் வளைவில் பைக்கோடு விழுந்தது
டிசம்பர் இரண்டாம் தேதி, விடியுமுன்,
கூலிவெட்டுக்குப் போகும் வழியில்.
தலையில் கட்டிய டார்ச்
எரிந்தபடியே கிடந்ததாம்.

உடுத்த நைட்டியோடு ஆம்புலன்சில் ஏறியவள் நான்.
அடுப்பில் உலை வைத்திருந்தது
திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில்
மூன்றாம் நாள்தான் ஞாபகம் வந்தது.
போனில் அலறினேன்.
"அத அன்னைக்கே எறக்கி வச்சாச்சு, நீ சும்மா இரி"
என்றாள் ரோஸ்மோனி அக்கா.
அபிஷா அவள் வீட்டில்
வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

முதல் பஸ்ஸில் கண்டக்டர் சீட்டுக்கடியில்
தினமும் ஒரு தூக்குவாளி வந்தது.
மரச்சீனி மயக்கியது, அயிலைக் கறி,
ஒரு நாள் வெறும் கஞ்சியும் பயறும்.
அன்றைக்கு முறை யாருடையதோ,
அவள் வீட்டில் இருந்தது அதுதான்.

நன்றி மட்டும்தான் இருந்தது என்றால் பொய்.
ஐசியு வாசலில் சபையார் கூடி
முக்கால் மணி நேரம் ஜெபித்தபோது
நர்ஸ் என்னை முறைத்தாள்,
நான் அவர்களை முறைத்தேன்.
என் வாயில் ஆமென் வரவில்லை.
போகும்போது யாரோ என் கைக்குள் திணித்த இருநூறு ரூபாயை
அப்புறம் விரித்துப் பார்த்தேன்.
ஞாயிறு காணிக்கைக்கு மடித்த மடிப்பு.

திரும்பி வந்தபோது வீட்டு முகப்பில் ஒரு நட்சத்திரம்,
எதிர்வீட்டிலிருந்து ஒயர் இழுத்து,
ஜனவரி பாதியிலும் எரிந்துகொண்டிருந்தது.
பனியில் சாயம் இறங்கிய காகிதம்.
புகைப்புரையில் ஷீட்டுகள் தொங்கின,
நாங்கள் அடித்தவை அல்ல.
மேசையில் பணக்கவரும் கணக்குச் சீட்டும், நீல மையில்:
ஷீட் இத்தனை கிலோ, ஒட்டுப்பால் பதினொன்றரை,
கழிவு, ஆசிட் வகையில் நாற்பது ரூபாய்.
ஆசிட்டுக்கும் கணக்கு எழுதிய கை யாருடையதென்று
பார்த்ததும் தெரிந்தது. சொல்லவில்லை.

மாசியில், இலையெல்லாம் உதிர்ந்த விளைக்குள்
ராபின்சன் இடது காலை இழுத்தபடி போனார்.
மரம் மரமாகத் தடவினார்.
"இது ரசலையன். நூல் பிடிச்சது போல."
"இது தையல்கார சாம்சன். இடங்கையன்லா,
தொடக்கத்திலேயே கனத்து நிக்குது பாரு."
கடைசி இரண்டு வரிசையில் நின்றுவிட்டார்.
தடி தெரிய ஆழம். பாதியில் முறிந்த வெட்டு.
அதன் கீழே இன்னொரு முறிவு.
"ஏ, எந்தக் கொலகாரன் இத வெட்டினது?"

ஞானசிகாமணி சார்.
ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், சபைப் பொருளாளர்.
கோயில் சுற்றுச்சுவர் கட்டிய வருடம்
"மூணு லோடு மணல் எங்க போச்சு?" என்று
பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்டவர் என் வீட்டுக்காரர்.
இரண்டு வருடம் முகம் பார்க்காதவர்கள்.
அறுபத்தாறு வயதில், கைலியை மடித்துக் கட்டி,
மூன்றரை மணி இருட்டில்,
பிடித்துப் பழகாத கத்தியோடு
எங்கள் இருபத்திரண்டு மரங்களில் அவர்.

பெயரைச் சொன்னேன்.
ராபின்சன் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, "கத்தியையாவது ஒருத்தன்
தீட்டிக் குடுத்திருக்கலாம் அவருக்கு" என்றார்.

மணல் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.
கேள்வியை இவர் விடவுமில்லை,
திரும்ப எடுக்கவுமில்லை.
கிறிஸ்மசுக்குச் சுடும் முந்திரிக்கொத்தில்
முதல் தட்டு அந்த வீட்டுக்குப் போகிறது.
அங்கிருந்து தட்டு திரும்பி வருகையில்
ஒருமுறைகூட வெறுமையாக வந்ததில்லை.

அந்த இருபத்திரண்டிலும் பட்டை
முண்டும் முடிச்சுமாக வளர்ந்திருக்கிறது.
இனி அவ்விடத்தில் கத்தி ஓடாது.
தடிக்கு விலை பேச வந்த வியாபாரி
முதலில் அவற்றைத்தான் காட்டினான்.
இவர் அவனுக்குக் கட்டன் சாயா வாங்கிக் கொடுத்து
அனுப்பிவிட்டார்.

பால் எடுக்கப் போகும் காலைகளில்
சில முண்டுகளில் உள்ளங்கையை வைப்பேன்.
கரடுமுரடாக, கொஞ்சம் ஈரமாக இருக்கும்.
அதிகம் நிற்க முடியாது.
வெயில் ஏறினால் சிரட்டையிலேயே பால் உறைந்துவிடும்.